தேதியை எந்த வரியில் எழுதுவது?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்கள் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பது வழக்கமாகிவிட்டது. என் கைக்கு வந்த கேள்வித்தாள்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. கோடிட்ட இடங்களை நிரப்புக, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக, எதிர்ச்சொல் தருக. ஏதோ ஒரு பள்ளியின் அரையாண்டுத் தேர்வுத் தாளில் தலைப்பை மட்டும் அழித்துவிட்டு நிறுவனத்தின் பெயரைப் போட்டிருப்பார்கள். 50-க்கு 45 வாங்கியவர் வேலையில் சேர்வார். முதல் மாதமே, சாயம் போடும் டையிங்கில் துணி தங்கிவிட்டதால் சரக்கு ஒரு வாரம் பிந்தும் என்று ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளருக்கு, எழுத வேண்டிவரும். கணினித் திரையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலாளரிடம் போய், “அண்ணா, இந்த ஒரு மெயிலை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று நிற்பார். இலக்கணம் தெரிந்தவர்தான். எழுதச் சொல்லி யாரும் அவரைச் சோதித்ததில்லை.

இந்த ஊர்த் தொழிலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்பவர் மெர்ச்சண்டைசர். லேப் டிப் என்கிற சாய மாதிரித் துணிக்கு ஒப்புதல் வாங்குவது, சாம்பிள் அனுப்புவது, விலை பேசுவது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாள் குறிப்பது, தூத்துக்குடியில் கப்பல் ஏறும்வரை கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது என்று அத்தனையும் மின்னஞ்சலில்தான் நடக்கிறது. தொலைபேசியில் பேசி முடித்த விஷயத்தைக்கூட உடனே எழுதி அனுப்பினால்தான் அது பேசியதாகக் கணக்கு. நாளைக்குப் பிரச்சினை வந்தால் இரு தரப்பும் தோண்டி எடுப்பது அந்தப் பழைய மின்னஞ்சல்களைத்தான். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு எழுத்துத் தேர்வு தயாரித்துத் திருத்திக் கொடுப்பதும், பிறகு பயிற்சி கொடுப்பதும்தான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு.

எழுத வைக்காமலே எழுத்தை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை திருப்பூருக்கு மட்டும் சொந்தமானதில்லை. அமெரிக்காவில் தேர்வுகள் தயாரிக்கும் ஈடிஎஸ் நிறுவனம் ஜப்பானியத் தொழில்துறையின் தேவைக்காக உருவாக்கிய டோயிக் என்ற அலுவலக ஆங்கிலத் தேர்வு 1979-இல் தொடங்கியது. கேட்டல், வாசித்தல் இரண்டும் சேர்த்து 200 கேள்விகள். எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. உச்ச மதிப்பெண் 990. ஜப்பானிலும் கொரியாவிலும் வேலைக்குச் சேர்க்கவும் பதவி உயர்வு கொடுக்கவும் நிறுவனங்கள் பார்த்தது இந்த எண்ணைத்தான். பேச்சுக்கும் எழுத்துக்கும் தனித் தேர்வு வந்தது 2006-இல். கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு வரி எழுதாமலே அலுவலக ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற முடிந்திருக்கிறது. பிற்பாடு வந்த அந்த எழுத்துத் தேர்வின் அமைப்பு எனக்குப் பிடிக்கும். மொத்தம் 8 கேள்விகள். முதல் ஐந்தில் படத்தைப் பார்த்து ஒரு வாக்கியம். அடுத்த இரண்டில் வந்த கோரிக்கைக்குப் பதில். கடைசி ஒன்றில் தன் கருத்தைக் காரணத்தோடு சொல்லும் கட்டுரை. படிக்கட்டு கேள்வித்தாளுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது என்று பார்த்தால் ஆளின் நிலை தெரிந்துவிடும்.

ஆங்கிலத் தேர்வுகள் நடத்தும் கேம்பிரிட்ஜ் எடுத்த வழி வேறு. 1993-இல் சீனாவில் தொடங்கிய அவர்களுடைய பிஇசி என்ற வணிக ஆங்கிலத் தேர்வில் நிலைக்கு ஒரு தாள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்த பலருக்கு இந்தப் பெயர் பழக்கமானது. நிறைய கல்லூரிகளில் வகுப்போடு சேர்த்து இதை எழுத வைத்தார்கள். பிரிலிமினரி, வான்டேஜ், ஹையர் என்று மூன்று நிலைகள். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஆறு படி மொழித்திறன் அளவுகோலில் இவை பி1, பி2, சி1. பிரிலிமினரியில் முதல் கேள்வி, சக ஊழியருக்கு 30 முதல் 40 சொற்களில் ஒரு குறிப்பு. இரண்டாவது, வெளியாள் ஒருவருக்கு 60 முதல் 80 சொற்களில் பதில். வான்டேஜில் இது 40 முதல் 50, 120 முதல் 140 என்று உயர்கிறது. ஹையரில் ஒரு வரைபடத்தைப் பார்த்து 120 முதல் 140 சொற்களில் சிறு அறிக்கை. பிறகு அறிக்கையோ பரிந்துரையோ கடிதமோ 200 முதல் 250 சொற்களில்.

இந்த எண்களை மட்டும் பார்க்கிறவர்கள், நிலை ஏற ஏற நீளமாக எழுத வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கூடுதல் தாள் வாங்கி நூலால் கட்டிக் கொடுத்தவனுக்குத்தான் மார்க் என்று பத்தாம் வகுப்பிலிருந்து நம்பி வளர்ந்தவர்கள் நாம். 40 சொற்களுக்குள் எழுதச் சொன்னால் பலருக்கு அவமானமாகவே இருக்கிறது. உண்மையில் கூடிக்கொண்டே போவது எழுதுகிறவர் தாமாகத் தீர்மானிக்க வேண்டியவற்றின் அளவு. பிரிலிமினரியில் யாருக்கு எழுத வேண்டும், எந்த மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் கேள்வியே சொல்லிவிடுகிறது. அவற்றைக் குழப்பமில்லாமல் வாக்கியமாக்கினால் போதும். வான்டேஜில் ஒரு கடிதமோ விளம்பரமோ அட்டவணையோ கொடுத்து, அதன் ஓரத்தில் கையால் கிறுக்கிய குறிப்புகளைப் போட்டிருப்பார்கள். அந்தக் கிறுக்கல்களை மரியாதையான கடிதமாக மாற்ற வேண்டும். நம் மேலாளர்கள் மின்னஞ்சலை அச்செடுத்து, சிவப்பு மையில் நாலு வார்த்தை எழுதி, “இதற்குப் பதில் போட்டுவிடு” என்று மேசையில் வைத்துவிட்டுப் போவார்களே, சரியாக அதுதான். ஹையரிலும் குறிப்புகள் உண்டு, ஆனால் அவை வெறும் தலைப்புகள். எழுத வேண்டிய விஷயத்தை அவரவரே கொண்டுவர வேண்டும்.

நிலைக்கு ஒரு தாள் வைப்பதா, எல்லோருக்கும் ஒரே தாள் வைத்து மதிப்பெண்ணால் பிரிப்பதா என்பது தேர்வு வைப்பவர்களிடையே தீராத வழக்கு. கேம்பிரிட்ஜே இரண்டையும் செய்கிறது. நிறுவனங்களுக்காக நடத்திவந்த புலாட்ஸ் தேர்வை 2019-இல் நிறுத்திவிட்டு, லிங்குவாஸ்கில் பிசினஸை அந்த இடத்தில் கொண்டுவந்தார்கள். அதில் வாசித்தலும் கேட்டலும் ஆளுக்குத் தக்கபடி மாறும்: சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். எழுத்தில் அந்த வித்தைக்கு இடமில்லை. எல்லோருக்கும் அதே இரண்டு வேலைகள்தான். குறைந்தது 50 சொற்களில் ஒரு மின்னஞ்சல், குறைந்தது 180 சொற்களில் நீண்ட ஒன்று, 45 நிமிடம், திருத்துவது கணினி.

நூறு பேரை ஒரே நாளில் பிரித்து உட்கார வைக்க வேண்டும் என்றால் ஒரே தாள் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு வாக்கியம் எழுதவே திணறுகிறவரிடம் 180 சொல் கேட்டால் அவருக்கு எழுத வராது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அவருக்கு என்ன வரும் என்பது தெரியாமலே போய்விடும். பேக்கிங் பிரிவுக்கு ஒரு தெளிவான குறிப்பு எழுத அவருக்கு வரலாம். அது அந்த நிறுவனத்துக்குப் போதுமானதாகவும் இருக்கலாம். மறுபக்கம், பத்தாண்டு அனுபவம் உள்ள சீனியர் மெர்ச்சண்டைசரிடம் கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லி ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னால் அவர் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் நான் முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிறு குறிப்பை எழுத வைக்கிறேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஏற்ற தாளைக் கொடுக்கிறேன். நேரம் இரட்டிப்பாகிறது என்று ஹெச்ஆர் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

மூன்று தாளுக்கும் சம்பவம் ஒன்றே. ஆர்டர் 12,000 டி-ஷர்ட். அதில் நேவி நிறம் மட்டும் 3,500. நேவி துணி டையிங்கிலிருந்து ஷேட் (நிறச்சாயல்) மாறி வந்துவிட்டது, மறுபடி சாயம் போட வேண்டும். மற்ற நிறங்கள் குறித்தபடி 14-ஆம் தேதி தயார். நேவி 21-ஆம் தேதி.

முதல் நிலையில் பேக்கிங் பிரிவுக்கு எழுத வேண்டும்: நேவி அட்டைப்பெட்டிகளைத் தனியாக வையுங்கள், மற்றவை 14-ஆம் தேதி கிளம்பும், எத்தனை பெட்டி என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள். நாற்பது சொல். இதில் நான் பார்ப்பது ஒன்றுதான். இந்தக் குறிப்பைப் படித்த பேக்கிங் சூப்பர்வைசர் திரும்ப ஃபோன் போட்டுக் கேட்காமல் வேலையைத் தொடங்க முடியுமா? முடியும் என்றால் ஒருமை பன்மைத் தவறுகளை மன்னித்துவிடுகிறேன்.

இரண்டாம் நிலையில் பையரின் மின்னஞ்சல் ஒன்று தாளில் இருக்கும். முழு ஆர்டரும் குறித்த நாளில் கிளம்புகிறதா என்று கேட்டிருப்பார். பதில் எழுத வேண்டும். இங்கேதான் தாள்கள் சுவாரசியமாகின்றன. ஒரு பெண் எழுதிய பதில் நினைவில் இருக்கிறது. எம்.ஏ. ஆங்கிலம். ஒரு பிழைகூட இல்லை. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் என்று முதல் பத்தி. எங்கள் நிறுவனத்தின் மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி என்று இரண்டாவது. டையிங் ஆலையில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, இப்படி முன்பு நடந்ததே இல்லை என்று மூன்றாவதும் நான்காவதும். இரண்டு இடத்தில் மன்னிப்பு. 21-ஆம் தேதி என்பது கடைசிக்கு முந்தைய வரியில், ஓர் இணைப்பு வாக்கியத்தின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தது. மீதி 8,500 சரியான நாளில் கிளம்புகிறது என்ற நல்ல செய்தியைச் சொல்லவே இல்லை.

அதே அறையில் எழுதிய இன்னொருவர், டிப்ளமா படித்த பையன். ஷேட் என்ற சொல்லுக்கே எழுத்துப்பிழை. காலம் காட்டும் வினைகள் கண்டபடி கிடந்தன. ஆனால் முதல் வரியிலேயே 8,500 என்றும் 14 என்றும் எழுதியிருந்தான். இரண்டாவது வரியில் 3,500 என்றும் 21 என்றும். மூன்றாவது வரியில், இரண்டு தடவையாக அனுப்பச் சம்மதமா என்ற கேள்வி. முடிந்தது.

பள்ளிக்கூட முறைப்படி திருத்தினால் முதல் தாளுக்கு 90, இரண்டாவதுக்கு 40. கேம்பிரிட்ஜ் திருத்தும் முறையில் நான்கு தனிப் பார்வைகள் உண்டு: கேட்டதெல்லாம் வந்திருக்கிறதா, படிப்பவருக்கு ஏற்ற தொனியில் காரியத்தை நடத்துகிறதா, ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா, மொழி எப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. இந்தப் பிரிப்புதான் எனக்குக் கைகொடுக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மொழியில் 5, விஷயத்தில் 2. பையனுக்கு விஷயத்தில் 5, மொழியில் 2. கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றாக வந்தாலும், யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு இலக்கண வகுப்பு எடுத்தால் அது பணவிரயம். என் அனுபவத்தில் இரண்டு பேரில் வேகமாக முன்னேறுவது பெரும்பாலும் முதல் வகைதான். தேதியை மேலே தூக்கி வை என்று சொல்லிக் கொடுக்க ஒரு மதியம் போதும்.

மூன்றாம் நிலையில் சம்பவம் கொஞ்சம் முறுக்கேறும். பழைய மின்னஞ்சல்களை இணைப்பாகக் கொடுத்திருப்பேன். லேப் டிப் பையருக்குப் போய்ச் சேர்ந்தது 2-ஆம் தேதி; மூன்று நாளில் ஒப்புதல் தருவதாகச் சொல்லியிருந்த பையர் 10-ஆம் தேதிதான் தந்திருக்கிறார். ஒப்பந்தப்படி, ஃபேக்டரியின் தவறால் ஐந்து நாளுக்கு மேல் பிந்தினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு ஃபேக்டரி தலையில். ஏர் ஷிப்மெண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும்; அந்த ஆர்டரின் லாபம் முழுக்க அதில் போய்விடும். இப்போது என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது?

சாதாரணமாக இரண்டு வகைப் பதில் வரும். ஒன்று, முழுப் பழியையும் தலையில் ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்பது. நாளைக்கு நஷ்டத்தை நம் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் வரும்போது இதுவே அவர்கள் கையில் ஆதாரம். மற்றது, நீங்கள் தாமதித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சண்டைக்குப் போவது. அடுத்த சீசன் ஆர்டர் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடும். சிறப்பாக எழுதியிருந்த ஒருவர் வைத்த வாக்கியம் இது, தமிழில் சொன்னால்: “லேப் டிப் 2-ஆம் தேதி உங்களை வந்தடைந்தது, 10-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது, 11-ஆம் தேதி துணியை டையிங்கிற்கு ஏற்றினோம்.” அவ்வளவுதான். ஓர் அடைமொழி இல்லை. மூன்று தேதிகளை அடுக்கிவிட்டு, நேவியை அனுப்பும் முறையைப் பற்றிப் பேச எப்போது வசதிப்படும் என்று கேட்டு முடித்திருந்தார். மிகக் கடினமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. பி1 நிலைக்காரர் படித்தால் முழுதும் புரியும். அவரால் எழுதியிருக்க முடியாது.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தேர்வெல்லாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நடந்தது. லோயர் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் 45. இரண்டாம் தாளில் கடிதமும் ஸ்டேட்மெண்டும். தேதியை எங்கே போடுவது, முகவரிக்கும் விளிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று விரலுக்குப் பழகிவிடும். அதை இளப்பமாகச் சொல்ல மாட்டேன். அப்படிப் பழகியவர்கள் எழுதிய கடிதம் இன்றும் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வாசகம் வேறொருவருடையது. அன்றைக்கு முதலாளி சொல்ல, குமாஸ்தா தட்டினார். இன்றைக்கு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையே வாசகத்தையும் யோசிக்க வேண்டும்.

யோசிக்கும் வேலையையும் இப்போது செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டதே, பிறகு எதற்கு எழுத்துத் தேர்வு என்று ஒரு முதலாளி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. இதே சம்பவத்தைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுத வாங்கினேன். வழுவழுவென்று வந்தது. முதல் வரியிலேயே, இந்தத் தாமதத்துக்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம் என்று மனமுவந்து எழுதியிருந்தது. அந்த மின்னஞ்சலை அப்படியே அச்செடுத்து மூன்றாம் நிலைத் தாளில் ஒரு கேள்வியாக்கிவிட்டேன்: இதை அனுப்பலாமா, எதை வெட்ட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும். மொழி நன்றாக இருக்கிறது என்பதற்காகவே அனுப்பலாம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதத் திணறுகிற சிலர், அந்த முதல் வரியைப் பேனாவால் சரியாக அடித்துவிடுகிறார்கள்.

திருத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1961-இல் ஈடிஎஸ் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆங்கிலப் பேராசிரியர்கள், விஞ்ஞானிகள், பத்திரிகை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், வணிக நிறுவன அதிகாரிகள் என்று கலவையான கூட்டம். ஒன்பது படிகளில் தரம் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகளுக்கு ஒன்பது படிகளும் கிடைத்தன. அதாவது ஒருவர் தலைசிறந்தது என்று வைத்ததை இன்னொருவர் குப்பை என்று வைத்திருந்தார். எந்தக் கட்டுரைக்கும் ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்கள் கிடைக்கவில்லை. ஒரே ஆள் திருத்திய எழுத்துத் தேர்வை வைத்துச் சம்பளம் தீர்மானிக்கும் நிறுவனங்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

என்னுடன் சேர்ந்து திருத்துபவர் ஏற்றுமதித் துறையில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்ற மேலாளர். தனித்தனியாகத் திருத்திவிட்டுப் பிறகுதான் எண்களைக் காட்டிக்கொள்வோம். அந்த டிப்ளமா பையனின் மூன்று வரிப் பதிலுக்கு, படிப்பவருக்கு ஏற்றதா என்ற கட்டத்தில் அவர் 5 போட்டிருந்தார், நான் 2. “டீச்சர், பையர் ஒரு நாளைக்கு நூறு மெயில் படிக்கிறவர். காரணம் வேண்டுமென்றால் அவரே கேட்டுக்கொள்வார்” என்றார். காரணம் சொல்லாவிட்டால் மற்ற நிறங்களின் மேலும் சந்தேகம் வரும், கேட்டு வாங்குவதற்குள் ஐரோப்பாவில் ஒரு நாள் போய்விடும் என்பது என் வாதம். காபி ஆறிப்போகும்வரை பேசினோம். கடைசியில் தாளை எடுத்துப் பார்த்தால், பையர் காரணம் கேட்டாரா இல்லையா என்பதற்குக் கேள்வியிலேயே பதில் இல்லை. அடுத்த தேர்விலிருந்து பையரின் மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்தோம்: பிந்துவதாக இருந்தால் காரணம் தெரிவிக்கவும். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் எங்கள் எண்கள் நெருங்கிவிட்டன.

மன்னிப்பு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சொல் ஒருமுறை வந்தாலே அவர் குறைக்கிறார். நான் ஒருமுறை வரை விடுகிறேன். வித்தியாசம் 1 என்றால் சராசரி போட்டுக்கொள்கிறோம். 2 அல்லது அதற்கு மேல் என்றால் தாள் மூன்றாமவரிடம் போகிறது.